ஏட்டுச் சுரைக்காய்: விமான விபத்தும் சட்ட உதவியும்

விமான விபத்தொன்று நிகழ்ந்த மறுநாள் செய்தி ஏடுகள் இறந்தோர் தொகையை முதற்பக்கத்திற் பதிக்கின்றன. சில நாட்கள் கறுப்புப் பெட்டி பற்றியும் விசாரணைக் குழு பற்றியும் எழுதுகின்றன. பின்னர் அச்செய்தி மறைந்துவிடுகின்றது. ஆனால், காயமுற்றோருக்கும் இறந்தோரின் குடும்பத்தினருக்கும் பெருஞ்சுமை தொடங்குவது அதன் பின்னரேயாம். நட்டஈடு தரவேண்டியவர் யார், எவ்வளவு, எந்நாட்டு நீதிமன்றில், எக்காலத்துள் என்னும் வினாக்கள் அப்பொழுதே எழுகின்றன. இவற்றுக்கு விடைகூறும் சர்வதேசச் சட்டம் ஏறக்குறைய நூறாண்டுகளாக வளர்ந்து வந்துள்ளது. அச்சட்டத்தை விளங்கித் தம் பக்கம் நின்று வாதிட ஒருவரைப் பெறும் வழிதான் எளியோருக்கு இல்லை. விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுத்த அரசுகள், அப்பொறுப்பை வலியுறுத்தும் கருவியாகிய சட்ட உதவியைச் சந்தையின் கையில் விட்டுவிட்டன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. துணையின்றிக் கொடுக்கப்பட்ட உரிமையும் அத்தகையதே.

இச்சட்டம் யாருடைய நலனைக் கருதிப் பிறந்தது என்பது முதலில் நோக்கத்தக்கது. 1929 ஆம் ஆண்டின் வார்சோ சமவாயம் பயணி ஒருவருக்கு வழங்கவேண்டிய நட்டஈட்டின் உச்ச எல்லையை 125,000 பொன் பிராங்கு என நிருணயித்தது. அது பின்னர் ஏறக்குறைய 8,300 அமெரிக்க டொலராக மதிப்பிடப்பட்டது. விமானத்துறை குழந்தைப் பருவத்தில் உள்ளது, அது தழைக்க வேண்டுமாயின் வழக்குச் சுமை குறைதல் வேண்டும் என்பதே அன்று கூறப்பட்ட நியாயம். 1955 இல் ஹேக் நகரிற் செய்யப்பட்ட உடன்படிக்கை அவ்வெல்லையை இரட்டித்தது. 1966 இல் அமெரிக்கா செல்லும், அங்கிருந்து புறப்படும், அங்கு தரித்துச் செல்லும் பயணங்களுக்கு மட்டும் அது 75,000 டொலராக உயர்ந்தது. குழந்தை வளர்ந்து பெருஞ்செல்வனாகிய பின்னரும் அதற்குப் பாலூட்டும் சுமை பயணியின் தலையிலேயே கிடந்தது.

1999 ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது என்பதை மறுப்பதற்கில்லை. குறித்த ஒரு தொகை வரையில் விமான நிறுவனம் தன் மீது தவறில்லை எனக் கூறித் தப்ப முடியாது. அத்தொகைக்கு மேற்பட்ட கோரிக்கையிலும் தன் கவனயீனம் காரணமன்று என்பதை நிறுவனமே எண்பித்தல் வேண்டும். முதலில் 100,000 சிறப்பு எடுப்பனவு உரிமைகளாக இருந்த அத்தொகை, 2024 திசெம்பர் 28 முதல் 151,880 ஆக உயர்ந்துள்ளது. இது ஏறக்குறைய 2 இலட்சம் அமெரிக்க டொலராகும். இலங்கையும் 2018 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் வாயிலாக இச்சமவாயத்தைத் தன் சட்டத்துள் ஏற்றுக்கொண்டது.

இதனைக் காட்டியே சிலர் வாதிடுகின்றனர். தவறை எண்பிக்க வேண்டிய தேவை நீங்கிவிட்டதாதலின் சட்டத்தரணிக்கு வேலை இல்லை என்பர். பணம் தானே வரும், இடையில் வழக்குப் புகுந்தால் தாமதமே மிஞ்சும் என்பர். நிறுவனங்களுக்கும் அவற்றின் காப்புறுதியாளருக்கும் இதைவிட வாய்ப்பான வாதம் பிறிதில்லை. ஆயின் நடந்தவை வேறு.

2010 மே 22 இல் துபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். 8 பேரே உயிர் தப்பினர். பயணிகளுட் பலர் வளைகுடா நாடுகளில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள். இறந்த இளைஞர் ஒருவரின் குடும்பம் தொடுத்த வழக்கில், 2011 இல் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதியரசர், சமவாயம் கூறும் 100,000 என்னும் தொகை எல்லோருக்கும் உரிய குறைந்தபட்ச நட்டஈடு எனத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் அந்நீதிமன்றத்தின் இரு நீதியரசர் அமர்வு அதனை மாற்றியது. சமவாயம் குறைந்தபட்சத் தொகை எதனையும் உறுதிசெய்யவில்லை, அடைந்த இழப்பு எவ்வளவோ அதனை உரியவர் எண்பித்தே பெறவேண்டும் என்பது அவ்வமர்வின் முடிவு. தவறை எண்பிக்கும் சுமை நீங்கிற்று. இழப்பை எண்பிக்கும் சுமை நீங்கவில்லை. சம்பளச் சீட்டு, தொழில் ஒப்பந்தம், தங்கிவாழ்வோர் பற்றிய சான்று, எதிர்கால வருமானக் கணிப்பு ஆகிய யாவும் வேண்டும். அதே விபத்தில் இறந்த, உயர்பதவி வகித்த ஒருவரின் குடும்பத்துக்கு இந்திய உச்சநீதிமன்றம் 2020 இல் 7.64 கோடி ரூபாய் வழங்கித் தீர்த்தது. வெற்றிதான், ஆயினும் அது கைக்கு வரப் பத்தாண்டுகள் சென்றன. பத்தாண்டு வழக்காடும் பொருள்வலி எத்தனை கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு உண்டு?

உயிருடன் மீண்ட காயக்காரரின் நிலை இன்னும் சிக்கலானது. ‘விபத்து’, ‘உடற்காயம்’ ஆகிய இரு சொற்களுக்குள் அவருடைய துன்பம் அடங்கினாலன்றிச் சமவாயம் அவரை ஏறெடுத்தும் பாராது. விமானம் வழமைபோல் இறங்கியபோது ஏற்பட்ட அமுக்க மாற்றத்தால் ஒரு காதின் கேள்விப்புலனை இழந்ததாக வழக்காடிய பயணியின் இழப்பு விபத்தின் பாற்பட்டதன்று என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1985 இற் கூறியது. பயணிக்குப் புறத்தே நிகழ்ந்த எதிர்பாராத அல்லது வழமைக்கு மாறான நிகழ்ச்சியே விபத்து என்பது அதன் விளக்கம். பொறிகள் செயலிழந்து, விமானம் கடலில் இறங்கப்போகிறது என அறிவிக்கப்பட்டு, இறுதியிற் பத்திரமாகத் தரை சேர்ந்த பயணிகளின் மன அதிர்ச்சிக்கு மட்டும் நட்டஈடு இல்லை என அதே நீதிமன்றம் 1991 இல் முடிவுசெய்தது. பிரித்தானியப் பிரபுக்கள் சபையும் 2002 இல் உளநோய் தனியே உடற்காயம் ஆகாது என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமோ 2022 இல், மருத்துவச் சிகிச்சையின்றித் தீராத அளவுக்குக் கடுமையான உளப்பாதிப்பு மருத்துவ அறிக்கையால் எண்பிக்கப்படின் அதுவும் உடற்காயத்துள் அடங்கும் எனத் தீர்த்தது. ஒரே சொல்லுக்கு ஒரு நீதிமன்றில் ஒரு பொருள், மற்றொன்றில் வேறு பொருள். இரவில் உறக்கமின்றி அலறும் ஒருவர், எந்த மருத்துவ அறிக்கையை எப்போது பெறவேண்டும் என்பதை யாரிடம் கேட்டறிவார்?

எந்நாட்டு நீதிமன்று என்பதும் சிறிய வினாவன்று. இலங்கை மண்ணே இதற்குச் சான்று. 1974 திசெம்பர் 4 இல் மஸ்கெலியாவின் சப்தகன்னியர் மலைத்தொடரில் மோதிய விமானம் டச்சு நிறுவனம் ஒன்றுக்குரியது. அதனை வாடகைக்கு அமர்த்தியது இந்தோனேசிய நிறுவனம். அது சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாகச் சவூதி அரேபியா செல்லவிருந்தது. ஹஜ் யாத்திரிகர்களும் பணியாளரும் உட்பட 191 பேரும் இறந்தனர். 1978 நவம்பர் 15 இல் கட்டுநாயக்காவுக்கு அருகில் வீழ்ந்த ஐஸ்லாந்து நிறுவனத்தின் விமானமும் இந்தோனேசிய யாத்திரிகர்களை ஏற்றி வந்ததேயாம். அதில் 183 பேர் மாண்டனர். 79 பேர் உயிர் தப்பினர். வார்சோ சமவாயம் வழக்குத் தொடுக்க நான்கு இடங்களை அனுமதித்தது: நிறுவனத்தின் வதிவிடம், அதன் தலைமையகம், பயண ஒப்பந்தம் செய்யப்பட்ட அதன் பணிமனை உள்ள இடம், பயணம் முடியும் இடம். விமானம் வீழ்ந்த இடம் இந்நான்கிலும் இல்லை. பயணியின் சொந்த ஊரும் இல்லை. மொன்றியல் சமவாயம் பயணியின் நிரந்தர வதிவிட நாட்டை ஐந்தாவது இடமாகச் சேர்த்தது. அதுவும் நிறுவனம் அந்நாட்டுடன் போக்குவரத்துத் தொடர்பு கொண்டிருத்தல் முதலான நிபந்தனைகளுடனேயாம். இடத்தைத் தேர்வதே வழக்கின் பாதி. இத்தேர்வை இரண்டு ஆண்டுகளுக்குள் செய்து முடித்தல் வேண்டும். அக்காலம் கடப்பின் உரிமையே அற்றுப்போகும். முறிந்த எலும்பு பொருந்தவும் எரிந்த தோல் ஆறவும் எடுக்கும் காலத்தைச் சட்டத்தின் கடிகாரம் கணக்கில் எடுப்பதில்லை.

இவை எல்லாவற்றினும் கொடியது விபத்தின் பின் பெறப்படும் கையொப்பம். சேதம் நிகழுமுன் செய்யும் ஒப்பந்தத்தால் நிறுவனம் தன் பொறுப்பைக் குறைக்க இயலாது எனச் சமவாயம் தெளிவாகக் கூறுகின்றது. சேதம் நிகழ்ந்த பின் மருத்துவமனைக் கட்டிலருகே நீட்டப்படும் விடுவிப்புப் பத்திரத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. பயணி திடமாக நிற்கும்போது காவல் நின்ற சட்டம், அவர் வீழ்ந்து கிடக்கும்போது விலகிச் செல்கின்றது. 2018 ஒக்டோபர் 29 இல் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்து 189 பேர் இறந்தனர். இந்தோனேசியாவின் உள்நாட்டு விதிப்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1.25 பில்லியன் ரூபியா உரியது. அதனைப் பெறுவதற்கு, விமான நிறுவனத்தின் மீதும் விமானத்தை ஆக்கிய போயிங் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுப்பதில்லை என எழுதிய பத்திரத்திற் கையொப்பமிடுமாறு குடும்பத்தினர் கேட்கப்பட்டதை 2019 இல் செய்தி ஏடுகள் வெளிப்படுத்தின. விபத்துப் பற்றிய இறுதி அறிக்கையோ 2019 ஒக்டோபரிலேயே வெளிவந்தது. விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பின் வடிவமைப்பும் காரணங்களுள் ஒன்று என அது கூறியது. குற்றம் இன்னதென்று அறியுமுன்பே குற்றத்தை மன்னிக்கச் சொல்வது எந்த நீதியின் பாற்படும்?

அவ்வாறாயின் திறமைமிக்க தனியார் சட்டத்தரணிகள் இருக்கின்றனரே, நட்டஈட்டில் ஒரு பங்கு பெறும் உடன்பாட்டில் அவர்கள் எளியோருக்காகவும் வழக்காடுகின்றனரே என மற்றொரு சாரார் கூறுவர். நேர்மையோடு அத்தொண்டு புரிவோர் பலர் உளர். எனினும், காவலின்றி விடப்பட்ட சந்தை என்ன செய்யும் என்பதையும் அதே லயன் எயார் வழக்கு உணர்த்திற்று. அக்குடும்பங்கள் சிலவற்றுக்காக அமெரிக்காவில் வழக்காடியவர் தொமஸ் ஜிராடி என்னும் புகழ்மிக்க சட்டத்தரணி. வழக்குத் தீர்ந்து கிடைத்த பணத்தில் அவர்களுக்குச் சேரவேண்டிய குறைந்தது 20 இலட்சம் டொலர் சேரவில்லை எனக் கண்ட சிக்காகோ நீதிமன்றம், 2020 திசெம்பரில் அவருடைய சொத்துக்களை முடக்கி, நீதிமன்ற அவமதிப்புக்கும் அவரை உள்ளாக்கியது. 2022 இல் அவர் சட்டத்தொழிலிலிருந்து நீக்கப்பட்டார். விமானம் வீழ்ந்து ஒரு முறை, துணைவந்தவரால் மறுமுறை என அக்குடும்பங்கள் இருமுறை இழப்புற்றன.

எனவே, நிறுவனத்தின் கருணையும் சந்தையின் திறமையும் போதா. சட்ட உதவி அரசின் கடமையாதல் வேண்டும். இதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தமும், விபத்து நிகழ்ந்து 45 நாட்கள் கழியும்வரை சட்டத்தரணிகளோ எதிர்த்தரப்பாகக் கூடியவர்களோ வழக்குப் பற்றிப் பேசுவதற்குக் காயமுற்றோரையும் உறவினரையும் தாமாக நாடிச் செல்வதைத் தடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள், நட்டஈட்டுக்கு உரியவர் இனங்காணப்பட்ட 15 நாட்களுக்குள் உடனடித் தேவைக்கான முற்பணம் வழங்கப்படவேண்டும் என்கின்றன. இறப்பு நேரின் அது 16,000 சிறப்பு எடுப்பனவு உரிமைகளுக்குக் குறைதலாகாது. உடனடிப் பசி தீர்ந்தவர் அவசரத்திற் கையொப்பமிடார்.

இலங்கைக்கு இது அயலார் விடயமன்று. மேற்காசிய நாடுகளுக்குத் தொழில்தேடிப் பறப்போர் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் நாள்தோறும் புறப்படுகின்றனர். அவருட் பலர் பயணச்சீட்டின் பின்புறத்து ஆங்கில நிபந்தனைகளை வாசித்தறிந்தவரல்லர். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இங்குண்டு. விமான விபத்துக்கென அதன்கீழ் ஒரு தனிப்பிரிவு அமைதல் வேண்டும். விபத்து நிகழ்ந்தவுடன் அப்பிரிவு குடும்பங்களை நாடிச் சென்று, அவர்தம் உரிமைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் வழங்கவேண்டும். சுயாதீனச் சட்ட ஆலோசனை பெற்றதற்கான சான்றின்றி எழுதப்படும் விடுவிப்புப் பத்திரம் செல்லாது எனச் சட்டம் விதித்தல் வேண்டும். வெளிநாட்டு நீதிமன்றில் வழக்காட நேரின், அங்குள்ள சட்டத்தரணியைத் தெரிவதும் பெறப்படும் பணம் உரியவரிடம் சேர்வதைக் கண்காணிப்பதும் அப்பிரிவின் பொறுப்பாதல் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்னும் வினா எழலாம். விமான நிலையத்திலிருந்து புறப்படும் பயணிகளிடம் அரசு வரி அறவிடுகின்றது. பயணியிடம் பெறும் பணத்தில் ஒரு சிறுபகுதி பயணியின் காவலுக்கு ஒதுக்கப்படுவது பெரும் தியாகமன்று. விபத்துகள் அரியவை, அவற்றுக்கென அமைப்பு எதற்கு எனவும் கூறப்படலாம். அரியவையாதலாலேயே செலவும் சிறிது. அரியவையாதலாலேயே அவற்றிற் சிக்கியோர் கூடிக் குரலெழுப்பும் வலியற்றோர். விமானம் பறக்க அனுமதியும் பயணியிடம் வரியும் அரசுக்கு உரியனவாயின், அது வீழ்ந்தவிடத்துக் காயமுற்றவரின் பக்கம் ஒரு சட்டத்தரணியை நிறுத்தும் கடமையும் அரசுக்கே உரியது. அதனைச் செய்யாத வரையில் 151,880 என்பது ஏட்டில் ஏறியும் உரியவர் கைக்கு எட்டாத ஓர் எண்ணாகவே இருக்கும்.