லாபம், ரெண்டு, மூணு

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் இறந்து வருஷம் திரும்பினால், அந்தக் குடும்பம் ஏதாவது ஒன்றைச் செய்துவிடும். கோயிலுக்கு மின்விசிறி, பள்ளிக்கூடத்துக்குப் பீரோ, முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, வசதி இருந்தால் பேருந்து நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை. போனவர் பெயரால் இருப்பவருக்கு ஒன்று கிடைக்கட்டும் என்ற எண்ணம் பெரியது; அதில் எதையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இந்தப் பட்டியலில் மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் மட்டும் எப்போதும் இடம்பெறுவதில்லை. அது யாருடையதோ என்று நினைத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார்கள், பாடம் செய்த முதலையைப் பார்த்தோம், திரும்பி வந்தோம். அதோடு சரி.

அப்பா களத்தில் நெல் அளந்தவர். சொந்த நிலம் கொஞ்சம்தான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் யார் அறுத்தாலும் அளக்க அப்பாவுக்கு ஆள் வரும். அவர் அளந்த மரக்கால் வீட்டில் இருந்தது. பலா மரத்தில் கடைந்தது, வாயிலும் அடியிலும் பித்தளைப் பூண் போட்டது. கை பிடிக்கும் இடத்தில் மரம் கறுத்து, கண்ணாடி மாதிரி வழவழத்திருக்கும். வாய்ப் பூணில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கும். அப்பா இடது கைப் பழக்கம் உள்ளவர். தலை தட்டும்போது கை எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் போய் முடியும்.

முதல் வருஷத் திதிக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, அக்கா அந்த மரக்காலைப் பங்கு கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை. மூன்று பேர் வீட்டிலும் அதை வைக்க இடமில்லை என்பதுதான் உண்மை. என் வீட்டில் வைத்தால் என் காலம்வரை இருக்கும். அதற்குப் பிறகு குடை போட்டு வைக்கிற பாத்திரமாகும், இல்லையென்றால் பழைய சாமான்காரரிடம் போகும். "மியூசியத்துக்குக் குடுத்துடலாமா?" என்று தம்பிதான் முதலில் கேட்டான். அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. "அவங்க அதைக் கண்ணாடிக்குள்ள வெச்சுப் பூட்டிடுவாங்களே" என்றார்.

கொடுப்பதற்கு முன்னால் அக்கா புளி கொண்டுவந்தாள், பூணைத் தேய்த்துப் பளபளப்பாக்க. நல்லவேளையாக, தம்பி அதற்கு முன்பே காப்பாட்சியருக்குப் போன் செய்திருந்தான். அந்த அம்மாள் சொன்ன முதல் வார்த்தை: "தயவுசெஞ்சு எதையும் தேய்க்காதீங்க சார். புளி வேணாம், எண்ணெய் வேணாம். அந்த அழுக்குலதான் எங்களுக்கு வேலையே." இதை வாசகர்கள் எல்லோரும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பழைய பித்தளையின் மேல் ஏறியிருக்கும் நிறமும் கைபட்டுத் தேய்ந்த தடமும்தான் அந்தப் பொருளின் வாழ்க்கை. புளி போட்டுத் தேய்த்தால் புதுப் பாத்திரம் கிடைக்கும், சாட்சி போய்விடும்.

எடுத்துக்கொண்டு போனபோது அந்த அம்மாள் பொருளைவிட எங்களைத்தான் அதிகம் பார்த்தார். யார் செய்தது, எந்த ஊர்த் தச்சர், யார் களத்தில் எல்லாம் அளந்தது, எந்த வருஷம்வரை புழக்கத்தில் இருந்தது, எப்படிப் பிடிப்பார், எப்படி எண்ணுவார். நாங்கள் தெரிந்ததைச் சொன்னோம். பிறகு சேமிப்பு அறையைத் திறந்து காட்டினார். அலமாரியில் ஏற்கெனவே நான்கு மரக்கால்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு: மரக்கால், மரம், பித்தளை, 20-ஆம் நூற்றாண்டு. எந்த ஊர், யார் கையில் இருந்தது, ஒன்றும் இல்லை. "பொருள் நிறைய வருது சார். அதைப் பத்திச் சொல்ற ஆள் வர்றதில்ல" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். அருங்காட்சியகத்துக்கு நாம் கொடுக்கக்கூடியவற்றில் பொருள் இரண்டாம் பட்சம். அந்தப் பொருளோடு இருந்தவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது முதலாவது. இதை நம்மைத் தவிர வேறு யாரும் கொடுக்க முடியாது, நமக்கும் அதிகக் காலம் இல்லை.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எண்பதைத் தாண்டியவர். அவரைத் திண்ணையில் உட்கார்த்தி, போனை எதிரில் வைத்து, மரக்காலைக் கையில் கொடுத்தோம். கையில் வாங்கியதுமே அவர் குரல் மாறியது. "உங்கப்பா ஒண்ணுன்னு சொல்லமாட்டாரு தெரியுமா? லாபம்னுதான் ஆரம்பிப்பாரு." களத்தில் அளக்கிற யாருமே ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு. ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த மரக்கால் நிரம்பும்வரை அதையே ராகமாக இழுத்துக்கொண்டிருப்பார்கள். அது பாட்டுக்காக இல்லை. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கணக்குத் தவறக்கூடாது, சுற்றி நிற்கிற எல்லோர் காதிலும் அந்த எண் விழவேண்டும். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்தக் குரலை வைத்துத் தன் பங்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிறகு சித்தப்பா தானாகவே இன்னொன்றுக்கு வந்தார். "எல்லா வீட்டு மரக்காலும் ஒரே மரக்கால் இல்லடா தம்பி. சில வீட்டுல வாங்குறதுக்கு ஒண்ணு இருக்கும், குடுக்கிறதுக்கு ஒண்ணு இருக்கும். உங்கப்பா அந்த மாதிரி வீட்டுக்குப் போனா தன்னோட மரக்காலைத்தான் தூக்கிட்டுப் போவாரு. அதனால ரெண்டு வீட்டுல அவரைக் கூப்பிடுறதையே நிறுத்திட்டாங்க." இது எங்கள் மூவருக்கும் புதிய செய்தி. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. தஞ்சைத் தரணியில் நெல் அளவு என்பது வெறும் கணக்கு இல்லை. கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்டுப் போராடிய ஊர் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மரக்காலையும் படியையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டால், அது அழகான பித்தளைச் சாமானாக மட்டும் நிற்கும். நம் பிள்ளைகள் அதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வார்கள்?

நினைவுக்காகக் கொடுப்பதில் நமக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. கோனேரிராஜபுரம் கோயிலைச் செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தர் பெயரால் கற்றளியாக எடுப்பித்தார். லிங்கத்தை வணங்கும் கண்டராதித்தரின் உருவத்தை அந்தச் சுவரிலேயே பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனி செய்து வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. நான் வியப்பது அந்தச் சிலைகளை மட்டுமல்ல, அந்தக் காலத்துக் கொடைகளில் இருக்கும் முன்யோசனையையும். பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விட்டார்கள். அந்த ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். விளக்கைக் கொடுத்ததோடு நின்றுவிடாமல் அது எரிய வழியும் செய்தார்கள். யார் கொடுத்தது, யார் பொறுப்பு, எந்த அளவையால் அளப்பது, எல்லாம் கல்லில். அந்தக் கோயிலின் மரக்காலுக்கே ஒரு பெயர் உண்டு: ஆடவல்லான். பதினோராம் நூற்றாண்டில் வாங்கவும் கொடுக்கவும் ஒரே மரக்கால் என்று ஊரறியப் பெயர் சொல்லி வெட்டிவைத்தவர்களுடைய மண்ணில்தான், பிற்காலத்தில் வீட்டுக்கு இரண்டு மரக்கால் வந்தது.

இன்றைய அருங்காட்சியகங்களுக்கு இல்லாதது அந்த 96 ஆடுகள்தான். கட்டடம் அரசு கட்டிவிடும். 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மனம் வைத்தால் எவ்வளவு நன்றாகச் செய்யமுடியும் என்று. ஆனால் சின்ன மாவட்ட அருங்காட்சியகங்களில் அன்றாட வேலைகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவவேண்டும். மரச் சாமானில் செல்லும் வண்டும் ஏறாமல் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் சேராமல் காக்கவேண்டும். பதிவேட்டை ஒழுங்காக எழுத ஓர் ஆள் வேண்டும். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் வந்துபோக வேன் வாடகை வேண்டும். இறந்தவர் பெயரால் ஒரு தொகை கொடுக்க நினைப்பவர்கள் காப்பாட்சியரிடம் நேரே போய், எது இப்போது தேவை, அரசு விதிப்படி அதை எப்படி ஏற்றுக்கொள்ள முடியும் என்று கேளுங்கள். பெயர்ப்பலகை மாட்டுகிற மாதிரியான தேவையாக அது இருக்காது. இருந்தாலும் கொடுங்கள்.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் இடம் புனேயில் இருக்கிறது. தினகர் கேல்கர் என்பவர் 1920 வாக்கில் பழம்பொருள் சேர்க்கத் தொடங்கினார். மராத்தியில் கவிதை எழுதியவர். ராஜா என்று ஒரே மகன், சிறுவயதிலேயே இறந்துபோனான். அந்தப் பெயரைத்தான் பின்னர் அருங்காட்சியகத்துக்கு வைத்தார். அங்கே அரச சாமான்களைத் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். பாக்குவெட்டிகள், விளக்குகள், பூட்டுகள், கால் தேய்க்கும் கற்கள், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள். அடுக்களையிலும் குளியலறையிலும் முற்றத்திலும் கிடந்தவை. மனைவி கமலாபாய் உடன் நிற்க, ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தது 20,000 பொருள்களுக்கு மேல். 1975-இல் அதை மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார், 1990-இல் இறந்தார். மகனை இழந்த ஒருவர் ஒரு தேசத்துக் குழந்தைகளின் பொம்மைகளைச் சேர்த்து வைத்தார் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகமும் கொடையில்தான் தொடங்கியது: 1851-இல் மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி கொடுத்த பாறை மாதிரிகள்.

கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மண்ணில் தோண்டும்போது கிடைத்ததை நம் வீட்டுப் பொருளாக நினைத்துக் கொண்டுபோகக்கூடாது. புதையல் சட்டம் 1878-லிருந்து இருக்கிறது, தாசில்தாருக்கோ ஆட்சியருக்கோ தெரிவிக்கவேண்டும். நூறு ஆண்டு தாண்டிய சிலை, ஓவியம் போன்றவற்றுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் உண்டு, பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மரக்கால், பல்லாங்குழி, ஏற்றச்சால் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. கொடுத்ததற்கு எழுத்தில் ரசீதும் பதிவேட்டு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். காட்சியில் வைத்தே ஆகவேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள்; சேமிப்பு அறையில் நன்றாக இருப்பதும் இருப்புதான். ஒருவேளை வேண்டாம் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே அது போல் நிறைய இருக்கலாம். அப்போதும் உங்களுக்குத் தெரிந்த கதையை எழுதிக் கொடுக்கலாம், ஊர் பெயர் இல்லாமல் அங்கே நிற்கும் பழைய பொருளுக்கு அது உதவும்.

நாங்கள் கொடுத்தது மரக்கால், சித்தப்பாவின் ஒலிப்பதிவு, அப்பா களத்து மேட்டில் நிற்கும் ஒரே ஒரு புகைப்படம், கைப்பட எழுதிய ஆறு பக்கம். வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று என்று மரக்கால் வைத்திருந்த வீடுகளைப் பற்றிச் சித்தப்பா சொன்னதை எழுதலாமா என்று அக்காவுக்குத் தயக்கம். அந்த வீட்டார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். வீட்டுப் பெயர் இல்லாமல் எழுதினோம். இரண்டு மரக்கால் இருந்ததை மறைக்கவில்லை. திதிக்குப் பந்தி போட ஒதுக்கியதில் பாதியைப் பள்ளிப் பிள்ளைகளின் வேன் வாடகைக்கு என்று அம்மாதான் பிரித்தார். அம்மா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பெட்டி முன்னால் எழுதும் சீட்டில் அப்பா பெயர் இருக்கிறதோ இல்லையோ, களத்தில் ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள் என்பது இருக்கவேண்டும். காப்பாட்சியர் அதை அம்மா எதிரிலேயே எழுதிக்கொண்டார்.

இப்போது கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக மின்தராசில் நெல் நிறுக்கிறார்கள். எண்ணிச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. களத்தில் அளந்தவர்கள் டெல்டாவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் வயது எழுபத்தைந்துக்கு மேல். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போனை எடுத்து எதிரில் வையுங்கள். திதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.