தொட்டியைத் திறக்காமலே

இறப்பர் பாலுக்கு அசிட் ஊற்றினால் பால் உறைந்துவிடும். மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது? தெரணியகலைப் பக்கத்தில் இக்கேள்விக்கு மூக்கே பதில் சொல்லும். அந்நீரில் அசிட்டோடு புரதமும் சீனிச்சத்தும் உண்டு. ஓடையில் அது அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. இங்குள்ள ஓடைகள் சீத்தாவாக்கை ஆற்றிலும், அது களனி கங்கையிலும் சேர்கின்றன. அம்பத்தளையில் கொழும்புக்கு எடுக்கும் குடிநீரும் களனிதான். கொழும்பாருக்குச் சுத்திகரித்துக் குழாயில் கொடுக்கிறார்கள். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து மண்சரிவுகளால் வீடிழந்து, ஓடை நீரை நம்பி வாழும் குடும்பத்துக்கு யார் கொடுப்பார்?

அகலவத்தை இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்குத் தென்னந்தும்பைப் பயன்படுத்தினார்கள். மூடிய தொட்டிக்குள் தும்பை நிறைத்தால், பீலியடியில் பாசி பிடிப்பதுபோல அதில் நுண்ணுயிர்கள் வழுவழுப்பான படலமாகப் பிடித்துக்கொள்ளும். அவை கழிவைத் தின்று மீதேன் வாயுவை விடுகின்றன. கைக்கெட்டிய பொருள், நல்ல யோசனை.

ஆனால் படலம் அளவுக்கு மீறித் தடித்தால் உள்ளடுக்குக்கு உணவு எட்டாது, உரிந்து விழும். தும்பு அடைத்துக்கொண்டால், நீர் ஒரே சந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். மற்ற மூலைகள் சும்மா கிடக்கும். வெளியே பார்த்தால் தொட்டி நன்றாகவே தெரியும். திறந்து பார்த்தாலோ காற்றுப் பட்டு அந்த உயிர்கள் கெடும். வயிற்றிலுள்ள பிள்ளையைப் பார்க்க வயிற்றைக் கிழிப்பதில்லையே!

ஆஸ்பத்திரியில் மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறையை ஆய்வுகூடங்களில் இத்தகைய கலங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். அம்முறைக்காக லோட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. வலிய காந்தம் நீரிலுள்ள ஐதரசனை அடையாளங்காணும். நீர் எங்கே விரைகிறது, எங்கே தேங்குகிறது, படலம் எவ்வளவு தடிப்பு என்பதெல்லாம் கலத்தைத் தொடாமலே தெரியும். காந்தத்துக்குள் அடங்கும் சிறு கலத்துக்கு மட்டுமே இது ஆகும். இரும்புக் கலம் ஆகாது.

அந்த இயந்திரத்தைத் தெரணியகலைக்குக் கொண்டுவாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. விலையைக் கேட்டால் தோட்டத்தையே விற்கவேண்டிவரும். அது காட்டித்தந்த பாடத்தையே கேட்கிறோம். தொட்டியின் உயரத்துக்கு உயரம் நீர் எடுத்துப் பார்க்கச் சிறு குழாய்கள் வேண்டும். வரும் வாயுவை அளக்க மீற்றர் வேண்டும். இடைக்கிடை உள்வாயிலில் உப்புக் கரைசல் ஊற்றி, அது மறுவாயிலில் எப்போது தலைகாட்டுகிறது என்று பார்க்கவேண்டும். நேரத்துக்கு முந்தி வந்தால், நீர் குறுக்குவழி பிடித்துவிட்டது.

அந்தக் கணக்கைத் தொழிற்சாலை வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தொங்கவிடட்டும். அடுத்த சங்கக் கூட்டத்தில் நம்மவர் முதலில் இதைக் கேட்கவேண்டும்.