மோ ஆமிரும் ஒரு தகப்பனாரின் கவலையும்



சென்ற மாதம் மஃரிப் தொழுகைக்குப் பின் ஒரு தகப்பனார் என்னைத் தனியே அழைத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவருடைய மகன், மேடையேறி மக்களைச் சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொள்ளப் போவதாகச் சொல்கிறானாம். "ஹஜ்ரத், நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார். அந்த மாணவன் தன் கட்சிக்குச் சாட்சியாக என்னிடம் சொன்ன பெயர் மோ ஆமிர். அவனை மறுத்துப் பேசுவதற்காகவே அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது மறுக்கும் வேகம் எனக்குக் குறைந்திருந்தது.

முஹம்மது ஆமிர் 1981இல் குவைத்தில் பிறந்த பாலஸ்தீனர். வளைகுடாப் போர் அவருடைய குடும்பத்தை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கொண்டு சேர்த்தது. பதினான்கு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிக்குப் போகாமல் திரிந்தார். ஒழுங்காக வந்தால் வகுப்பிலேயே நகைச்சுவை நிகழ்த்தலாம் என்று சொல்லி அவரை மீட்டவர் ஓர் ஆசிரியை. நானும் ஆசிரியன்தான், பாடத்தின் நடுவே சிரித்த பிள்ளையை எழுப்பி நிற்க வைத்ததே என் வழக்கம்.

பின்னர் அசார் உஸ்மான், பிரீச்சர் மாஸ் ஆகியோருடன் 'அல்லாஹ் மேட் மீ ஃபன்னி' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். முஸ்லிம் பெயர் கேட்டாலே விமான நிலையத்தில் தனியே நிறுத்திய காலம் அது. 2009இல்தான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அதுவரை பாஸ்போர்ட் இல்லாமல், அகதிகளுக்கான பயண ஆவணத்துடன் நாடு நாடாகச் சென்றார். அதன்பின் 'ராமி' தொடர், 'பிளாக் ஆடம்' திரைப்படம் எனத் திரையிலும் இடம் பிடித்தார். 2022இல் ராமி யூசுப்புடன் சேர்ந்து உருவாக்கிய 'மோ' தொடர் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்து, பீபாடி விருதையும் பெற்றது.

அத்தொடரின் நாயகன் புகலிட மனுவின் தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவன். சட்டப்படி வேலை செய்ய இயலாது. சும்மா இருக்கவும் இயலாது. எங்கே போனாலும் ஒலிவ எண்ணெயைக் கூடவே எடுத்துச் செல்கிறான். பாலஸ்தீனர்களைக் குண்டுவீச்சுச் செய்தியில் மட்டுமே கண்ட உலகத்திற்கு, மகனுக்காகக் கவலைப்படும் ஒரு பாலஸ்தீனத் தாயை அவர் காட்டினார். நூறு சொற்பொழிவுகளால் ஆகாத காரியம் இது என்று நான் கருதுகிறேன்.

அதற்காக அத்தொடரைக் குடும்பத்துடன் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன். போதைப் பழக்கமும் மார்க்க வரம்பு மீறிய உறவும் அதில் உண்டு. தம் பலவீனங்களை மறைக்காமல் காட்டுகிறார் என்பார்கள். தவறை ஒப்புக்கொள்வது வேறு, அதைப் பார்வையாளனுக்குப் பழக்கப்படுத்துவது வேறு. 'மோ' சில இடங்களில் இரண்டாவதைச் செய்கிறது.

ஆனால் நகைச்சுவையே ஆகாது என்று அந்தத் தகப்பனாரிடம் நான் எப்படிச் சொல்வேன்? வாகனம் கேட்டு வந்தவரிடம் ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாக நபி (ஸல்) அவர்கள் சொன்னதும், குட்டியை வைத்து என்ன செய்வேன் என்று அவர் திகைத்ததும், எல்லா ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கம் வந்ததும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் செய்தி. அதில் சிரிப்பு இருந்தது, பொய் இல்லை. சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனைத்தான் அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். நம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இந்த அளவுகோலால் அளந்தால் எத்தனை தேறும்? ஒருவரின் நிறத்தையும் உடலையும் இழிவுபடுத்துவதைக் குடும்பத்தோடு அமர்ந்து சிரித்துப் பார்க்கிறோம். மகன் மேடையேறுகிறேன் என்றால் மட்டும் மார்க்கம் நினைவுக்கு வருகிறது.

தகப்பனாரிடம் இதைச் சொன்னேன். அவர் முழு மனதாக ஏற்கவில்லை. வருமானத்திற்கு என்ன செய்வான் என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை. கல்லூரியில் சேர்ந்து படிக்க மகன் சம்மதித்திருக்கிறான். பொய்யும் கேலியும் இல்லாமல் ஐந்து நிமிடம் எழுதி வா என்று அவனிடம் கூறியிருந்தேன். போன வியாழக்கிழமை இரண்டு தாள்களுடன் வந்தான். முதல் தாள் முழுவதும் என்னைப் பற்றியே இருந்தது.