பூனைகளுக்கு எதிராகக் களமிறங்கிய நியூசிலாந்து... என்ன காரணம்?

பூனை வீடியோ வந்தால் ஸ்க்ரோல் பண்ணாமல் நின்று பார்ப்பவரா நீங்கள்? அப்போ இந்தச் செய்தி கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். 2050-க்குள் காட்டுப்பகுதிகளில் திரியும் பூனைகளை முழுமையாக ஒழிக்க நியூசிலாந்து முடிவெடுத்திருக்கிறது. 2025 நவம்பரில் இதை அறிவித்தவர், அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அமைச்சர் டாமா பொடாகா.

என்ன திட்டம்?

2016-ல் அறிவிக்கப்பட்ட 'பிரிடேட்டர் ஃப்ரீ 2050' திட்டம்தான் இது. எலி, பாசம், கீரியைப் போன்ற உடல்வாகு கொண்ட ஸ்டோட், ஃபெரெட், வீசல் ஆகியவை ஏற்கெனவே லிஸ்ட்டில் இருந்தன. இப்போது பூனையும் சேர்ந்திருக்கிறது.

பறவைகளால் தப்பிக்க முடியாதா?

மனிதர்கள் வருவதற்கு முன் நியூசிலாந்து நிலப்பரப்பில் இருந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான். பறவைகளுக்குப் பெரிய எதிரி, வானத்திலிருந்து பார்த்து வேட்டையாடும் கழுகு போன்றவை. அதனால் ஆபத்து வந்தால் அசையாமல் நின்றாலே போதும். ஆனால் ஸ்டோட் போன்றவை மோப்பம் பிடித்து வரும். அசையாமல் நிற்கும் பறவை சுலபமான இரை ஆகிவிடும். பாதுகாப்பு இல்லாத இடங்களில் பிறக்கும் 100 கிவி குஞ்சுகளில் சுமார் 5 மட்டுமே பெரிதாக வளர்கின்றன.

யார் கொண்டுவந்தது?

நாமதான், அதாவது மனிதர்கள்தான். எலியைப் பிடிக்கக் கப்பலில் வளர்த்த பூனைகள் கரையேறின. ஐரோப்பியர்கள் கொண்டுவந்த முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலத்தை அழித்ததால், 1880-களில் ஸ்டோட் இறக்கப்பட்டது. அது முயலோடு நிற்கவில்லை, பறவைகளையும் தேடிப் போனது.

பூனையை ஒழித்தால் பிரச்னை முடிந்ததா?

அதுதான் இல்லை. ஹவுதுரு தீவில் 1980-ல் பூனைகள் முழுமையாக அகற்றப்பட்டன. ஆனால் அங்கே குஞ்சு பொரிக்கும் 'குக்ஸ் பெட்ரல்' கடற்பறவைகளின் நிலைமை இன்னும் மோசமானது. பூனை போனதும் எலிக்குக் கொண்டாட்டம், முட்டைகளும் குஞ்சுகளும் அதன் வயிற்றுக்குள் போயின. 2004-ல் எலிகளையும் அகற்றிய பிறகுதான் பறவைகள் மீண்டன. ஒன்றை மட்டும் குறிவைத்தால் இன்னொன்று தலைதூக்கும் என்பதுதான் பாடம்.

சரியாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பறக்கத் தெரியாத காகாபோ கிளிகள் 1995-ல் வெறும் 51. வேட்டை விலங்குகள் அகற்றப்பட்ட தீவுகளில் வைத்துப் பாதுகாத்ததில் இப்போது 200-ஐத் தாண்டிவிட்டன.

வீட்டுப் பூனைகள்?

அவை இந்தத் திட்டத்தில் வராது. சிக்கல் என்னன்னா, இரண்டும் ஒரே இனம். பொறியில் மாட்டியது யார் வீட்டுச் செல்லமா, காட்டில் பிறந்ததா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. வெலிங்டன் போன்ற சில நகரங்களில் செல்லப் பூனைக்கு மைக்ரோசிப் கட்டாயமாக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023-ல் அங்கே நடந்த வேட்டைப் போட்டியில் சிறுவர்கள் பூனைகளைக் கொல்லும் பிரிவு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் ரத்தானது. பறவைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் அங்கே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எப்படி, யார் கையால் என்பதில்தான் சண்டையே.

பூனை தன் இயல்பைத்தான் செய்கிறது. அதைக் கொண்டுவந்து விட்டவர்கள் செய்த தவறுக்கு, இதுவரை விலை கொடுத்தது பறவைகள். இனி பூனைகளும் கொடுக்கப் போகின்றன.