தன்னைத் தானே படமெடுத்தால் தலைக்கனமா?

போனைத் தன் முகத்துக்கு நேரே நீட்டுகிற பெண்ணைக் கண்டால், ‘பெரிய அழகின்னு நெனப்பு’ என்று முணுமுணுக்க நம் ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. 2014இல், செல்ஃபி மோகம் ஒரு மனநோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அறிவித்துவிட்டதாக ஒரு செய்தி உலகைச் சுற்றியது. நையாண்டித் தளம் ஒன்று கட்டிவிட்ட கதை அது. மறுப்பு வந்த பிறகும் நம்பியவர்கள் ஏராளம். ஏற்கெனவே மனசில் இருந்ததைத்தானே அது சொன்னது!

தன்னைத் தானே படமெடுப்பது தலைக்கனம் என்ற இந்த நம்பிக்கை தவறு. புகைப்படத்தின் வரலாறே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

1840இல் பிரான்சின் இப்போலித் பயார் தன்னையே பிணமாக நடிக்கவைத்துப் படமெடுத்தார். காகிதத்தில் நேரடியாகப் படம் பதிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். அரசோ அவருடைய போட்டியாளர் டாகேருக்கு ஓய்வூதியம் கொடுத்துக் கொண்டாடியது, பயாரைக் கண்டுகொள்ளவில்லை. நீரில் மூழ்கிச் செத்தவர் போலக் கண்மூடிச் சாய்ந்திருக்கும் அந்தப் படத்தின் பின்புறத்தில், தன் ‘சாவுக்கு’ யார் காரணம் என்று அவரே எழுதிவைத்தார்.

பிரிட்டனின் ஜோ ஸ்பென்ஸ் கதை இன்னும் அழுத்தமானது. ஸ்டூடியோ வைத்துப் பிறர் முகங்களைப் படமெடுத்துப் பிழைத்தவர். 1982இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படித்துக்கொண்டிருந்தபோது, மாணவர்கள் சூழ வந்த இளம் டாக்டர் ஒருவர், தான் யாரென்றுகூடச் சொல்லாமல் குனிந்து, அவருடைய இடது மார்புக்கு மேலே மையால் பெருக்கல் குறி போட்டார். மார்பை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். ஸ்பென்ஸ் மறுத்தார்; கட்டியை மட்டும் அகற்றச் சம்மதித்தார். அந்த நாட்களில் தன்னையே வைத்து எடுத்த படமொன்றில் அவர் மார்பின் மேலேயே எழுதியிருக்கிறது: ‘ஜோ ஸ்பென்ஸின் சொத்தா?’ அந்தக் கேள்விக்குறி டாக்டரைப் பார்த்துக் கேட்கிறது, படம் பார்ப்பவரையும் கேட்கிறது. இதில் அழகுப் பெருமை எங்கே இருக்கிறது?

பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா, 2000 முதல் 2004 வரை புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களைப் பற்றி ஒரு படத்தொடர் செய்தார். ரவி வர்மாவின் லட்சுமியாக, சினிமா நாயகியாக, அவரே வேடமிட்டு நின்றார். சில படங்களில் பின்னால் கட்டம் போட்ட பலகை இருக்கும். காலனி ஆட்சியில் அந்தமான் மக்களை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அப்படித்தான் நிறுத்தி அளந்து படமெடுத்தார். கேமராவைப் பிடித்தவர் ஆர்னி. யாராக நிற்பது என்று முடிவு செய்தவர் புஷ்பமாலா. தன் உருவத்தின் மேல் பெண்ணுக்கு இருக்கவேண்டிய உரிமை அதுதான்.

ரயில் வரும் தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுத்து உயிரை விட்டவர்கள் உண்டு. அந்தக் கவனக்குறைவைக் கண்டிக்கத்தான் வேண்டும். அதற்காக எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பது அநியாயம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோவுக்காக, பெண் எங்கே நிற்பது, தலையை எவ்வளவு சாய்ப்பது என்பதைக்கூட ஸ்டூடியோக்காரரும் பெரியவர்களும் தீர்மானித்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதை யாரும் தலைக்கனம் என்று சொன்னதில்லை. அவளே தீர்மானிக்கும்போது மட்டும் ஏன் இந்தப் பழி? வீட்டுப் பெண்ணைத் திட்டுவதற்கு முன், அந்தப் படத்தை ஏன் அப்படி எடுத்தாள் என்று அவளிடமே கேளுங்கள்.