பொய் வரைபடம், மெய் வாசனை

ஒயின் ஒன்றுதான். கோப்பை மாறினால் ருசியும் மாறுமா? மாறும் என்று அடித்துச் சொன்னவர் கிளவுஸ் ரீடல். ஆஸ்திரியாவின் குஃப்ஸ்டைன் நகரில் கண்ணாடித் தொழிற்சாலை நடத்தியவர். 1756-இல் பொஹீமியாவில் தொடங்கிய பரம்பரைத் தொழில். அழகான ஒயின் கோப்பை என்றால் பூவேலை, செதுக்கல், வண்ணம் என்றிருந்த வழக்கத்தை அவர் மாற்றினார். அலங்காரம் போயிற்று. மெல்லிய, வெறும் கண்ணாடி மிஞ்சியது. பர்கண்டி ஒயினுக்குப் பருத்த வயிறு, போர்டோவுக்கு உயரமான உடம்பு என்று ஒயினுக்கு ஒரு வடிவம். 1973-இல் 'சோமெலியே' என்ற பெயரில் இந்த வரிசை வெளிவந்தது.

கோப்பைகளோடு ஒரு விளக்கமும் விற்பனையானது: விளிம்பின் வடிவம் ஒயினை நாக்கின் குறிப்பிட்ட பகுதிக்கு அனுப்புகிறது; நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு. பாடப்புத்தகத்தில் பலரும் பார்த்த அதே நாக்கு வரைபடம்.

சங்கடம் என்னவென்றால், அந்த வரைபடமே தப்பு. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்டது, நாக்கின் விளிம்பில் இடத்துக்கு இடம் உணர்திறனில் உள்ள சிறு வித்தியாசத்தை மட்டுமே. 1942-இல் ஹார்வர்டு உளவியல் அறிஞர் எட்வின் போரிங் தன் நூலில் அதைக் கோட்டுப்படமாகத் தந்த விதம், சின்ன வித்தியாசத்தைப் பெரிய எல்லைக்கோடாக்கிவிட்டது. வித்தியாசம் அற்பமானதே என்று 1974-இல் வர்ஜீனியா காலிங்ஸின் ஆய்வு காட்டியது. எல்லாச் சுவையையும் நாக்கு பரவலாகவே அறிகிறது.

அப்படியானால் கோப்பை வெறும் ஜம்பமா? அதுவும் இல்லை. ருசி என்று நினைப்பதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. ஒயின் சுவைப்போருக்கென 1977-இல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தரக் கோப்பை இதை அறிந்தே உருவானது. வயிறு 65 மில்லிமீட்டர், வாய் 46 மில்லிமீட்டர். சுமார் 215 மில்லி கொள்ளும் அதில் ஊற்றுவது 50 மில்லிதான். மிச்ச இடம் வாசனைக்கு.

2015-இல் டோக்கியோவில் கோஜி மிட்சுபயாஷி குழுவினர், ஆல்கஹால் ஆவியைப் படம்பிடிக்கும் கேமராவால் இதைக் கண்ணுக்கே காட்டினார்கள். 13 டிகிரி செல்சியஸில் ஒயின் கோப்பையின் விளிம்பில் ஆவி வளையமாக நின்றது, நடுவில் குறைவு. மூக்கை நுழைப்பவருக்கு ஆல்கஹாலின் காட்டம் குறுக்கிடாமல் மணம் கிடைக்க வழி. நேரான கிளாஸிலும் மார்ட்டினி கோப்பையிலும் அந்த வளையம் இல்லை.

மனசின் பங்கும் உண்டு. 2001-இல் வெளியான போர்டோ ஆய்வொன்றில் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்தார்கள். ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேர் அதன் மணத்தைப் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். கண் பார்ப்பதை மூக்கு ஆமோதிக்கிறது. விலையுயர்ந்த கோப்பையைக் கண்டாலும் அப்படி நடக்காது என்று யார் சொல்வது?

ஆக, ரீடல் கண்டது நிஜம். விற்பனைக்குச் சொன்ன காரணம்தான் பிசகு. வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை மூன்று: அகன்ற வயிறு, குறுகிய வாய், மெல்லிய விளிம்பு. அதில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மெல்லச் சுழற்றினால் போதும். திராட்சைக்கு ஒன்றாக அலமாரியை நிரப்புவது அவரவர் ஆசை. நாக்கின் மேல் பழிபோட வேண்டாம்.