கட்டுப் போடலாம், கூரை கொடுக்கக் கூடாதா?

போருக்குத் தப்பி வருபவர்களுக்காக முகாம் திறக்கக் கூடாது. தன்னார்வ அமைப்புகள் உணவும் உறைவிடமும் அளிக்க அனுமதிக்கக் கூடாது. பலத்த காயமடைந்தவர்களுக்கு மட்டும் மனிதாபிமான அடிப்படையில் சிகிச்சை அளிக்கலாம். மியான்மர் எல்லையையொட்டிய மாவட்டங்களின் துணை ஆணையர்களுக்கு மணிப்பூர் மாநில உள்துறை 2021-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி அனுப்பிய உத்தரவின் சாரம் இது. கண்டனம் எழுந்ததும் மூன்றே நாள்களில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால், அதன் பின்னால் இருந்த எண்ணம் இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.

சிகிச்சை வேறு, அடைக்கலம் வேறு என்பதே அந்த எண்ணம். குண்டடிபட்டவருக்குக் கட்டுப் போட்டு மழையில் திருப்பி அனுப்பினால் அந்தக் காயம் ஆறுமா? வயிற்றுப்போக்குக்கு மருந்து வாங்கிச் சென்ற தாய், அதே அசுத்த நீரைத்தானே குழந்தைக்கு மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும்? அகதிகளுக்கான மருத்துவம் ஊசியில் தொடங்குவதில்லை. குடிநீரிலும் கழிப்பறையிலும் கூரையிலும் தொடங்குகிறது. இந்தப் பாடத்தை இந்தியா பிற நாடுகளிடமிருந்து கற்க வேண்டியதில்லை. தன் மண்ணிலேயே கற்றிருக்கிறது.

1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து சுமார் ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் தஞ்சம் புகுந்தனர். மேற்கு வங்க எல்லையில் உள்ள பன்காவ் நகரைச் சுற்றிய முகாம்களில் காலரா பரவியது. 16 படுக்கைகள் கொண்ட இடத்தில் நோயாளிகள் தரையெங்கும் கிடத்தப்பட்டனர். நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. அப்போது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு துணிச்சலான முடிவை எடுத்தார். குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலமாக்கி, நீரில் கரைத்து நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்கள் செவிலியர்கள் அல்லர், நோயாளிகளின் உறவினர்களே. நூற்றுக்கு இருபது, முப்பது என்றிருந்த இறப்பு, நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசல், போர் அகதிகளின் முகாமில்தான் தன் ஆற்றலை மெய்ப்பித்தது. 2022-இல் மறைந்த மகலனாபிஸுக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

மருத்துவரின் மதிநுட்பம் மட்டுமே இதைச் சாதித்துவிடவில்லை. தப்பி வந்தவர்கள் தங்குவதற்கு முகாம் இருந்தது. உறவினர்கள் அருகிலேயே இருக்க முடிந்தது. பிடித்துச் சென்றுவிடுவார்கள் என்ற அச்சமின்றி மருத்துவமனைக்கு வர முடிந்தது. நாடாளுமன்றம் 1971 மார்ச் 31-இல் கிழக்கு வங்க மக்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டு நவம்பர் முதல், நாடெங்கும் அனுப்பப்பட்ட கடித உறைகளில் அகதிகள் நிவாரணத்துக்காகக் கூடுதலாக 5 பைசா தபால்தலை ஒட்டப்பட்டது. தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து கடிதம் எழுதியவர்களும் பன்காவின் சுமையில் பங்கேற்றார்கள்.

அன்றைய கருணைக்குப் பின்னால் அரசியல் கணக்கும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. குறை அங்குதான் இருக்கிறது. 1971-இல் தில்லியின் மனமும் நோக்கமும் ஒத்துப் போயின. சட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆட்சியாளர்களின் மனம் மாறினால் அகதியின் கதியும் மாறிவிடுகிறது.

அரை நூற்றாண்டுக்குப் பின் மிசோரத்தில் அதுதான் நடந்தது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து, சின் மாநில மக்கள் எல்லை தாண்டி வந்தனர். மார்ச் 10-ஆம் தேதி வடகிழக்கு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிய மத்திய உள்துறை அமைச்சகம், அகதித் தகுதி வழங்க மாநிலங்களுக்கு அதிகாரமில்லை என்றும், 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்றும் நினைவூட்டியது. மிசோரம் அரசு பணிய மறுத்தது. தேவாலயங்களும் இளைஞர் அமைப்புகளும் உணவும் உறைவிடமும் அளித்தன. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் சுமை ஒரு சிறிய மாநிலத்தின் தோளில் விழுந்தது.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பார்த்தால் இந்தச் சிக்கல் விளங்கும். அயல்நாட்டவரும், அவர்களை நாட்டுக்குள் அனுமதிப்பதும் வெளியேற்றுவதும் மத்தியப் பட்டியலில் உள்ளன. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. இடம்பெயர்ந்தோரின் நிவாரணம் பொதுப் பட்டியலில் இருந்தாலும், அது இந்தியா – பாகிஸ்தான் பிரிவினையால் இடம்பெயர்ந்தவர்களை மட்டுமே குறிக்கிறது. ஆக, அகதி உள்ளே வரலாமா என்பதை தில்லி முடிவு செய்யும். அவரது காய்ச்சலுக்கான செலவை மாநிலம் ஏற்க வேண்டும்.

நீதிமன்றங்கள் வழிகாட்டாமல் இல்லை. உயிர் வாழும் உரிமையை வழங்கும் 21-ஆவது பிரிவு குடிமக்கள் அல்லாதோரையும் காக்கும் என்று, அருணாசலப் பிரதேசத்தின் சக்மா அகதிகள் தொடர்பான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசரச் சிகிச்சையை மறுப்பது அதே 21-ஆவது பிரிவை மீறுவதாகும் என்று மேற்கு வங்க வழக்கு ஒன்றில் அதே ஆண்டு தீர்ப்பளித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எல்லை தாண்டி வந்த காயம்பட்டவருக்குச் சிகிச்சை அளிப்பது தயவு அல்ல, கடமை என்பது தெளிவாகும்.

நாடாளுமன்றமோ இந்த இரு தீர்ப்புகளையும் இணைக்கத் தவறிவிட்டது. புகலிடம் தொடர்பாகத் தனிநபர் மசோதாக்கள் வந்தனவே தவிர, சட்டம் பிறக்கவில்லை. 2025-இல் நிறைவேறிய குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டத்திலும் அகதி யார் என்பதற்கு வரையறை இல்லை. உள்நோயாளியாகச் சிகிச்சை பெறும் அயல்நாட்டவர் பற்றி மருத்துவமனைகள் பதிவு அலுவலருக்குத் தகவல் தர வேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டம் கூறுகிறது. தகவல் தரும் கடமை சட்டத்தில் உண்டு. அகதிக்குச் சிகிச்சை தரும் கடமை அதில் இல்லை.

அயல்நாட்டவர் வேடத்தில் ஊடுருவல்காரர்கள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கப்படுகிறது. நியாயமான கேள்வி. ஆனால், அஞ்சி ஒளிந்து வாழ்பவரை விட, முகாமில் பதிவு பெற்றவரைக் கண்காணிப்பது எளிது. ஒளிந்து வாழ்பவரின் நோயும் ஒளிந்தே பரவும். கிருமிக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. யாரைத் தங்க அனுமதிப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம். ரத்தப்போக்கை நிறுத்துவதைப் பின்னர் முடிவு செய்ய முடியாது.

இது அயல்நாட்டவர் பிரச்னை மட்டும்தானா? 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த மோதலில் சுமார் 60 ஆயிரம் பேர் வீடிழந்தனர். அவர்கள் இந்தியக் குடிமக்கள். ஆயினும், மலை மாவட்ட நோயாளிகள் இம்பாலின் பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்ல முடியாமல், மிசோரத்தின் ஐஜாலை நாட வேண்டியதாயிற்று. அகதிகளுக்கு முகாம் கூடாது என்று எந்த மாநிலத்தில் உத்தரவு பிறந்ததோ, அந்த மாநில மக்களே இரண்டாண்டுகளில் முகாம்களில் தஞ்சமடைந்தார்கள்.

தமிழர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இலங்கைப் போரின் இறுதிக்கட்டத்தில், 2009 மார்ச்சில் இந்திய மருத்துவக் குழு புல்மோட்டையில் அவசர மருத்துவமனை அமைத்தது. பின்னர் செட்டிக்குளம் மெனிக் பண்ணை முகாமுக்கு மாறி, செப்டம்பர் வரையில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தது. ஆனால், மெனிக் பண்ணையின் நெரிசலில் சின்னம்மை பரவியது. மருத்துவர்கள் இருந்தும் வாழிடம் சரியில்லாவிட்டால் நோய் தீராது என்பதற்கு அந்த முகாமே சான்று.

தேவைப்படுவது நீண்ட சட்டம் அல்ல. போராலும் ஆயுத மோதலாலும் இடம்பெயர்ந்த எவருக்கும், குடியுரிமை பாராமல், சிகிச்சையும் குடிநீரும் உணவும் கூரையும் உடனடியாக வழங்கப்பட வேண்டும். அந்தச் செலவை மத்திய அரசு ஏற்க வேண்டும். சிகிச்சைக்கு வந்ததையே காரணமாக்கி எவரையும் கைது செய்யவோ வெளியேற்றவோ கூடாது. இந்த மூன்றும் சட்டமானால், நள்ளிரவில் எல்லைப்புற மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படும் காயம்பட்டவருக்காகப் பணியில் இருக்கும் மருத்துவர் மேலிடத்து உத்தரவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.